தெற்கு மாரட்டு வீதிப் பக்கம் ஒரு பழைய வீடு: நிலைச்சட்டத்தில் உள்ள ‘ஆனந்த’ எந்த ஆனந்த?

கடம்பவனத்தான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பூர்வீக வீடு மதுரையில் தெற்கு மாரட்டு வீதிக்கும் தெற்கு வெளி வீதிக்கும் இடைப்பட்ட ஒரு சந்தில், வடக்குப் பார்த்த வாசலோடு இருக்கிறது. முகப்பில் பதினெட்டு அடிதான் அகலம். உள்ளே போனால் திண்ணை, ரேழி, பட்டாசாலை, முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், அப்புறம் பின்கட்டு, அடுப்படி, கிணற்றடி என்று நூறு அடிக்குக் குறையாமல் தெற்கே நீண்டுகொண்டே போகும். சந்தில் ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் மட்டம் ஏறி ஏறி, ஐந்து வாசற்படிகளில் இப்போது இரண்டுதான் வெளியே தெரிகின்றன. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் மூன்று தெரிந்தன.

சென்ற ஐப்பசி மழையில் முன்கட்டின் தளம் ஒழுகத் தொடங்கியது. கொத்தனாரை அழைத்துக் காட்டுவதற்காக ரேழியில் சாரம் கட்டியபோது, வாசல் நிலையின் மேல்சட்டத்தில், கஜலட்சுமி உருவத்துக்குக் கீழே, பல அடுக்குப் பெயிண்ட்டுக்குள் எழுத்துகள் புதைந்திருப்பது கைக்குத் தட்டுப்பட்டது. அத்தை மகனும் நானும் இரண்டு நாள் உட்கார்ந்து, உளியால் சுரண்டாமல், பெயிண்ட் நீக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தொட்டு ஒற்றி எடுத்தோம். பச்சை, அதற்குக் கீழே நீலம், அதற்கும் கீழே காவி, கடைசியில் எண்ணெய் ஊறிக் கறுத்த தேக்கு. அதில் ஒரே வரி இருக்கிறது. ‘ஆனந்த’ என்று தொடங்குகிறது, அடுத்து ஒரு சுழி, பிறகு ‘சித்திரை’, மறுபடி வேறொரு சுழி, பிறகு ‘ய’ போன்ற ஓர் எழுத்து, அதன் பக்கத்தில் இன்னொரு சுழி, இறுதியில் ‘புதவாரம்’. அவ்வளவுதான். கட்டியவர் பெயர் இல்லை.

எங்கள் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வருவது, இந்த வீடு இருநூறு ஆண்டுப் பழமையானது, நாயக்கர் காலத்துக் கோட்டையை இடித்தபோது கிடைத்த கற்களைக் கொண்டு கட்டப்பட்டது என்பது. ‘ஆனந்த’ ஆண்டு 1854இலும் வந்திருக்கிறது, 1914இலும் வந்திருக்கிறது என்று பஞ்சாங்கத்திலிருந்து தெரிந்துகொண்டேன். 1854 என்றால் குடும்பக் கதை ஓரளவு நிற்கும். 1914 என்றால் அறுபது ஆண்டு சட்டென்று குறைந்துவிடும்; எங்கள் சித்தப்பா இதை ஏற்கவே மாட்டார்.

குழப்பத்தைக் கூட்டும் செய்திகள் மூன்று இருக்கின்றன. தாழ்வாரத்து ஓடுகளில் ‘பாசல் மிஷன், மங்களூர்’ என்ற பெயரோடு 1865 என்று அச்சாகியிருக்கிறது. பட்டாசாலையின் குறுக்கே இரண்டு இரும்பு உத்திரங்கள் இருக்கின்றன. ஒன்றில் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் ‘டோர்மன் லாங்’, ‘இங்கிலாந்து’ என்ற ஆங்கில எழுத்துகள் புடைப்பாகத் தெரிகின்றன. பின்கட்டிலோ இரும்பும் இல்லை, தேக்கும் இல்லை; பனங்கை மேல் நாட்டு ஓடு. அதன் சுவர் அடியில் பெரிய பெரிய கற்கள், ஒன்றுக்கொன்று அளவு பொருந்தாமல் இருக்கின்றன. அவற்றில் ஒரு கல்லில் தாமரை இதழ் வரிசை தலைகீழாக இருக்கிறது.

இவற்றை வைத்து வீட்டின் வயதைச் சொல்ல முடியுமா? அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

---

ஏட்டுக்கணக்கு

ஐயா, நான் பத்திர எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சுழி என்று எழுதியிருப்பவை வெறும் அலங்காரம் அல்ல. பழைய தமிழ் எழுத்து முறையில் ஆண்டுக்கு ௵ என்றும், மாதத்துக்கு ௴ என்றும், தேதிக்கு ௳ என்றும் குறிகள் இருந்தன. பிற்காலத்தில் அச்சுக்கோப்பவர்கள் அந்த வார்ப்புகள் கையில் இல்லாமல் ‘வரு’, ‘மீ’, ‘உ’ என்று போட்டுச் சமாளித்தார்கள். பழைய பத்திரங்களில் ‘தை மீ 5 உ’ என்று பார்த்திருப்பீர்கள். ‘ய’ போன்ற எழுத்து என்று நீங்கள் சொல்வது ௰, அதாவது பத்து என்னும் தமிழ் எண். ஆகவே உங்கள் வரி ‘ஆனந்த ௵ சித்திரை ௴ ௰ ௳ புதவாரம்’: ஆனந்த ஆண்டு, சித்திரை மாதம், 10ஆம் தேதி, புதன்கிழமை.

கிழமையை எழுதி வைத்த புண்ணியவானுக்கு நன்றி சொல்லுங்கள், ஏனென்றால் அந்த ஒரு சொல்தான் உங்கள் வழக்கைத் தீர்க்கிறது. நம்முடைய சூரிய ஆண்டு 365 நாளும் ஏறத்தாழ ஆறு மணி பன்னிரண்டரை நிமிடமும் கொண்டது. அறுபது ஆண்டு ஒரு சுற்று முடிந்து அதே பெயருள்ள ஆண்டு திரும்பி வரும்போது 21,915 நாளும் மேற்கொண்டு அரை நாளும் கழிந்திருக்கும். அதை ஏழால் வகுத்தால் மீதி ஐந்தரை நிற்கும். ஆகையால் ஒரு சுற்றில் புதன்கிழமையாக இருந்த அதே மாதத் தேதி, அடுத்த சுற்றில் திங்களாகவோ செவ்வாயாகவோதான் இருக்க முடியும். ஒருநாளும் புதனாக இராது. அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளைப் பிரித்தறியக் கிழமை ஒன்றே போதும் என்பது இதனால்தான்.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 1914இல் சித்திரை முதல் தேதி ஏப்ரல் 13, திங்கட்கிழமை. ஆகவே சித்திரை 10 என்பது ஏப்ரல் 22, புதன்கிழமை. 1854இல் சித்திரை முதல் தேதி ஏப்ரல் 12, புதன்கிழமை. சித்திரை 10 வெள்ளிக்கிழமையில் விழும். உங்கள் நிலைச்சட்டம் 1914ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சித்தப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. சித்திரை 10 என்பது ஆண்டுதோறும் வரும் எட்டு வாஸ்து நாட்களில் ஒன்று. மனை முகூர்த்தம் செய்யவும் நிலை வைக்கவும் அந்நாட்களைத் தேர்ந்தெடுப்பது இன்றைக்கும் வழக்கம். எனவே இது குடிபுகுந்த நாளாக இருக்காது, வேலை நடந்துகொண்டிருந்த நாளாகவே இருக்கும். பால் காய்ச்சியது அதற்குச் சில மாதங்களோ, ஓர் ஆண்டுக்கு மேலோ கழித்து என்று கொள்ளலாம்.

ஒரு வேண்டுகோள். மரத்தின் சாட்சியோடு நிறுத்திவிடாமல் காகிதத்தையும் தேடுங்கள். இணையத்தில் பிற்காலத்து வில்லங்கம்தான் எளிதாகப் பார்க்கக் கிடைக்கும். அதற்கு முந்தையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத்தான் தேட வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால் வீட்டுக்குள்ளேயே தேடுங்கள். பத்திரம் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்க, ஊரெல்லாம் அலைந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பழைய பத்திரம் ஏதேனும் கிடைத்தால் தொகையையும் பெயர்களையும் விட்டுவிட்டு முதலில் செக்குபந்தியையும் (மனையின் நான்கு எல்லை விவரம்) சொத்து விவரத்தையும் படியுங்கள். அன்று மனையில் என்ன கட்டடம் நின்றது, அது ஓட்டு வீடா, கூரை வீடா, தளம் போட்ட மெத்தை வீடா என்பதை எழுத்தர்கள் அங்கேதான் எழுதியிருப்பார்கள்.

---

சீமையோடு

1865ஐப் பார்த்து ஏமாற வேண்டாம். நான் திருமங்கலத்தில் பழைய வீட்டுச் சாமான்கள் வாங்கி விற்கிறேன்; அந்த எண்ணைக் காட்டி ‘நூற்று அறுபது வருசத்து ஓடு’ என்று விலை கூட்டிச் சொல்பவர்கள் வாரம் ஒருவராவது வருகிறார்கள். 1865 என்பது பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. கடைப் பலகையில் ‘தொடக்கம்’ என்று போடுவதுபோல அதை அச்சிலேயே செதுக்கி வைத்துப் பல ஆண்டுகள் ஓடு போட்டார்கள். முதல் உலகப் போரின்போது அந்த நிறுவனம் எதிரி நாட்டுச் சொத்தாகக் கருதப்பட்டுக் கைமாறியது; அதன் பிறகு வந்த ஓடுகளில் ‘காமன்வெல்த்’ என்ற பெயர் இருக்கும். ஆகவே உங்கள் ஓடு 1865க்கும் போருக்கும் இடைப்பட்டது என்று மட்டும் சொல்லலாம். 1914க்கு அது இடைஞ்சல் இல்லை.

இரும்பு உத்திரமும் அப்படியே. டோர்மன் லாங் நிறுவனம் தொடங்கியதே 1875இல்தான். மதுரைக்கு ரயில் வந்ததும் அந்த ஆண்டுதான். அதற்கு முன்னால் அத்தனை நீள இரும்பை மாட்டு வண்டியில் ஏற்றித் தெற்கு மாரட்டு வீதிச் சந்துக்குள் திருப்பியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நிலையும் கதவும் ஊர் விட்டு ஊர் போகிற பொருள்கள். என் பிழைப்பே அதுதான். நிலைச்சட்டத்தின் தேதி நிலைக்குத்தான் உறுதி. சுவருக்கும் அதே தேதி என்பதற்கு வேறு சான்று வேண்டும்.

---

விட்டவாசல்

கோட்டைக்கல் கதையை இங்கே யாரும் தொடவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நான் கட்டடப் பொறியாளர். மாசி வீதிகளுக்குள் பல பழைய வீடுகளை அளந்து வரைபடம் போட்டிருக்கிறேன்.

மதுரையின் வீதிகள் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று ஒன்றுக்கு வெளியே ஒன்றாக விரிகின்றன. இந்த வரிசையில் மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் நடுவே மாரட்டு வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் வருவதைப் பாருங்கள். மற்றவை பெரும்பாலும் மாதத்தின் பெயரையும் திருவிழாவின் பெயரையும் தாங்கியிருக்க, இவை மட்டும் ஆட்களின் பெயரைத் தாங்கி நிற்பதற்குக் காரணம் உண்டு. விசுவநாத நாயக்கர் காலத்தில் எழுந்த கோட்டை, இரட்டைச் சுவரும் அகழியும், எழுபத்திரண்டு பாளையங்களுக்கு ஈடாக எழுபத்திரண்டு கொத்தளங்களும் கொண்டிருந்தது என்பார்கள். 1834 முதல் 1847 வரை கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் அதை இடித்து அகழியைத் தூர்க்க ஏற்பாடு செய்தார். அந்த வேலையில் அவருக்குக் கைகொடுத்தவர்களில் இருவர்தான் மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும். இடித்துத் தூர்த்தவர்களுக்கே மனையாக நிலம் கொடுக்கப்பட்டதால், கோட்டை நின்ற பட்டை முழுவதும் சில ஆண்டுகளில் வீடுகளாயிற்று. கிழக்கே இடிக்காமல் விட்ட ஒரு வாசல் ‘விட்டவாசல்’ என்ற பெயரோடு இன்றும் நிற்கிறது. மேற்கே பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே ஒரு கொத்தளத்தின் எச்சம் இருக்கிறது. பிளாக்பர்னின் நினைவாக வைத்த விளக்குத்தான், அந்தப் பகுதிக்கே விளக்குத்தூண் என்று பெயர் தந்தது.

இதிலிருந்து கிடைப்பது என்ன? உங்கள் மனை தெற்கு மாரட்டு வீதிக்குத் தெற்கே, வெளி வீதிக்கு வடக்கே இருக்கிறது. அது கோட்டைச் சுவரும் அகழியும் இருந்த பட்டை. கோட்டையை இடிப்பதற்கு முன்னால் அந்த இடத்தில் யாரும் வீடு கட்டியிருக்க முடியாது, ஏனென்றால் வீடு கட்ட அங்கே தரையே இல்லை. ஆகவே ‘நாயக்கர் காலத்து வீடு’ என்பது நிற்காது. ஆனால் ‘கோட்டையை இடித்தபோது கட்டிய வீடு’ என்பது பின்கட்டைப் பொறுத்தவரை நன்றாகவே நிற்கக்கூடும். சித்தப்பாவுக்கு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கற்களைப் பற்றி ஒரு திருத்தம். தாமரை இதழ் தலைகீழாக இருக்கிறதென்றால் அது வேறொரு கட்டடத்துக்காகச் செதுக்கி, அங்கே நின்று, பிறகு உங்கள் அஸ்திவாரத்துக்கு வந்த கல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது கோட்டைச் சுவரிலிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்ல வேண்டாம். உங்கள் பகுதியிலிருந்து மகால் நடந்து போகிற தூரம். 1636இல் திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனையின் சிறு பகுதிதான் இன்று நாம் பார்க்கும் மகால்; பெரும்பகுதியை அவருடைய பேரர் சொக்கநாத நாயக்கரே பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். எடுத்துப் போனது போக மிஞ்சியவற்றைத்தான் பத்துத்தூண் சந்தில், கடைகளுக்கு நடுவே, இன்றும் அண்ணாந்து பார்க்கிறோம். அந்தப் பக்கத்து வீடுகளின் அடியில் கோட்டையின் கல், அரண்மனையின் கல், இடிந்த ஏதோ ஒரு மண்டபத்தின் கல் எல்லாம் கலந்து கிடக்கும்.

நான் உங்களிடம் கேட்பது மூன்று. பின்கட்டுச் செங்கலின் கனம் என்ன, முன்கட்டுச் செங்கலின் கனம் என்ன? இரண்டு கட்டுகளின் சுவர்களும் சேரும் இடத்தில் செங்கல் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கிறதா, அல்லது மேலிருந்து கீழ்வரை நேர்க்கோடாகப் பிரிந்து நிற்கிறதா? பின்கட்டின் தரை எந்தப் பக்கமாவது சரிந்திருக்கிறதா?

---

கடம்பவனத்தான்

விடையளித்த அனைவருக்கும் நன்றி. ‘ய’ என்று நான் படித்தது பத்து என்று தெரிந்ததும் அத்தை மகன் சிரித்துக்கொண்டே இருக்கிறார். அவர் தமிழாசிரியர், அவருக்கும் தெரியவில்லை.

அளந்து பார்த்தேன். முன்கட்டுச் செங்கல் ஒன்பது அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், கனம் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. பின்கட்டில் பூச்சு உதிர்ந்த இடத்தில் உள்ளவை மெல்லிய பட்டைச் செங்கல்கள், இரண்டு அங்குலம்கூட வராது. இடையில் இருப்பது சுண்ணாம்பு அல்ல, செம்மண். முற்றத்தின் தெற்கு ஓரத்தில் இரண்டு சுவர்களும் சேருமிடத்தில் ஒரு தீப்பெட்டிக் குச்சி நுழையும் அளவுக்கு நேர்க்கோடு போகிறது. அது விரிசல் என்று எண்ணித்தான் ஒவ்வொரு பொங்கலுக்கும் அதில் சுண்ணாம்பை அப்பி வந்தோம். பின்கட்டின் தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தேன். கிணற்றடியை நோக்கி உருண்டு போய்விட்டது.

இதற்கிடையில் கொத்தனார், ஒழுகும் தளத்தின் மேல் மூன்று அங்குலத்துக்குக் கான்கிரீட் போட்டுவிட்டால் தலைமுறைக்கும் கவலையில்லை என்கிறார். அதைப் பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.

---

விட்டவாசல்

நேர்க்கோடாகப் பிரிந்திருந்தால் அது விரிசல் அல்ல, இரண்டு காலங்கள் சேரும் மூட்டு. பின்கட்டு முதலில் தனி வீடாக நின்றிருக்கிறது. முன்னால் கிடந்த வெற்றிடத்திலோ, இடித்து நீக்கிய பழைய முகப்பின் இடத்திலோ முன்கட்டு பிறகு எழுந்திருக்கிறது. கோலிக்குண்டு தெற்கே உருள்வது தூர்த்த மண் அமுங்கியதாலும் இருக்கலாம், கிணற்றடியின் ஈரத்தாலும் இருக்கலாம். இதை வைத்து முடிவு சொல்வது எனக்கு உவப்பில்லை. மற்ற இரண்டு செய்திகளும் போதும்.

---

கட்டையடி

கான்கிரீட் போட வேண்டாம், தம்பி. என் அப்பா சோழவந்தான் பக்கம் சுண்ணாம்பு வேலை செய்த கொத்தனார். அவருக்குச் சாந்து எடுத்துக் கொடுத்து வளர்ந்தவன் நான். உங்கள் முன்கட்டில் இருப்பது மெட்ராஸ் தளம் என்று தெரிகிறது. அண்ணாந்து பார்த்தால் இரும்பு உத்திரத்தின் மேல் தேக்குக் கட்டைகள் நெருக்கமாக வரிசையாகவும், அவற்றின் மேல் செங்கல் படுக்காமல் குத்துக்கல்லாக, மூலைவாட்டில் சாய்ந்தும் தெரிய வேண்டும். அப்படி இருந்தால் அதன் மேலே என்ன இருக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு பிறகு முடிவெடுங்கள்.

செங்கல் அடுக்கு இறுகியதும் அதன் மேல் உடைத்த செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து நாலைந்து அங்குலத்துக்குப் பரப்புவார்கள். பிறகுதான் உண்மையான வேலை. பெண்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையகலத் தட்டை மரக்கட்டையால் அந்தப் பரப்பை அடிப்பார்கள். ஒரு வரிசை அடித்துக்கொண்டே பின்னால் நகர, எதிர் வரிசை அந்த இடத்துக்கு முன்னேறும். கடுக்காயை ஊற வைத்த தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் குடத்தில் இருக்கும். காயத் தொடங்கும்போது தெளித்து மறுபடி அடிக்க வேண்டும். இப்படி நாள் கணக்கில் அடிப்பார்கள். முதல் நாள் ‘தொப்பு தொப்பு’ என்று கேட்கும் சத்தம், கடைசி நாளில் பலகையில் தட்டுவதுபோல் ‘டக்’ என்று மாறும். கட்டையை ஓங்கி அடித்தால் தடம் விழாமல் எகிறி வர வேண்டும். அது வரைக்கும் அப்பா கூலியைக் கணக்குப் பார்த்துக் கொடுக்க மாட்டார். அதற்கு மேலேதான் தட்டோடு என்னும் தட்டையான ஓட்டைப் பதிப்பது.

அத்தனையும் சேர்ந்து இப்போதே பெரும் பாரம். நூறாண்டு கண்ட தேக்குக் கட்டையின் மேல் இன்னும் மூன்று அங்குலம் கான்கிரீட் ஏற்றினால் கட்டை தாங்கினாலும், சுவரில் பதிந்திருக்கும் அதன் நுனி தாங்காது. அந்த நுனிதான் முதலில் மக்கும். சுண்ணாம்பு மூச்சுவிடும், உள்ளே போன ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்டை மேலே போட்டு மூடினால் ஈரம் கீழேதான் இறங்கும், மரத்தைத் தின்னும். பெரும்பாலும் தட்டோட்டின் இடுக்குச் சாந்து போயிருக்கும், அல்லது மழைத்தாரை அடைத்திருக்கும். தட்டோட்டைப் பெயர்த்து, கீழே பொடிந்திருக்கும் இடத்தை மட்டும் சுண்ணாம்பு ஜல்லியால் நிரவி அடித்து, மறுபடி பதியுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் இன்றும் காரைக்குடிப் பக்கம் கிடைப்பார்கள். கூலி கூட ஆகும், அதை மறைக்கவில்லை.

---

கடம்பவனத்தான்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும். கொத்தனாரிடம் கான்கிரீட் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். மழைத்தாரையில் ஒரு ரப்பர் பந்தும் இரண்டு பட்டங்களின் நூலும் இருந்தன. தட்டோட்டு வேலைக்குக் காரைக்குடியிலிருந்து ஒருவர் தை பிறந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஏட்டுக்கணக்கு ஐயா சொன்னது பலித்தது. மச்சில் இருந்த தகரப் பெட்டியில், சித்தப்பாவின் பள்ளிச் சான்றிதழ்களுக்கு அடியில், ஒரு அடமானப் பத்திரம் கிடைத்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட முத்திரைத்தாள். எங்கள் பூட்டனார் நூல் கடைக்காக மனையை ஈடு வைத்துப் பணம் வாங்கி, இரண்டே ஆண்டில் திருப்பியிருக்கிறார். பின்பக்கத்தில் வரவு எழுதியிருக்கிறது. சொத்து விவரத்தில் ‘மேற்படி மனையில் பூர்வீகமாயுள்ள நாட்டு ஓடு போட்ட பின்கட்டு வீடு 1ம், நான் சுயார்ச்சிதமாய்க் கட்டியிருக்கும் மெத்தை வீடு 1ம், கிணறு 1ம்’ என்று இருக்கிறது. பத்திரத்தின் தேதி 1921. பின்கட்டு அவருக்கே பூர்வீகம். முன்கட்டு அவர் தாமே சம்பாதித்துக் கட்டியது. சீமையோடு ஐயா கேட்ட வேறு சான்று இதுதான் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் எண்பத்தாறு வயதான எங்கள் அத்தையிடம் போய்ச் சொன்னேன். பத்திரத்தைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “இதுக்காடா இத்தனை நாள் அலைஞ்ச? என்னைக் கேட்டிருக்கலாமே” என்றார். அத்தையின் அப்பத்தா, அதாவது இந்த வீட்டைக் கட்டியவரின் மனைவி, தம் மூத்த மகன் பிறந்த கதையை அடிக்கடி சொல்வாராம். எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மெட்ராஸில் குண்டு போட்டுவிட்டது, அடுத்து மதுரைக்கும் வரும் என்று ஊரே பயந்து கிடந்த மாதத்தில் பிரசவம். முன்பக்கம் சாரம் கட்டித் தளம் அடித்துக்கொண்டிருந்ததால் பின்கட்டு அரங்கில், அதாவது உள்ளறையில்தான் பிள்ளை பிறந்தது. கட்டையடிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அது குண்டுச் சத்தம் என்று மருத்துவச்சி பயந்து வாசலுக்கு ஓடினாளாம். கப்பல் மதுரைக்கு எப்படி வரும் என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

எம்டன் சென்னையைத் தாக்கியது 1914 செப்டம்பர் 22. நிலை வைத்தது அந்த ஏப்ரல் 22. கணக்குச் சரியாக ஐந்து மாதம்.

சித்தப்பாவிடம் பின்கட்டு வேறு, முன்கட்டு வேறு என்று விளக்கினேன். முற்றத்து ஓரத்தில் அந்த நேர்க்கோட்டில் விரல் வைத்துக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, அப்படியானால் கோட்டைக்கல் நான் படுக்கிற அறைக்குக் கீழேதான் இருக்கிறது என்றார். அவர் அறை பின்கட்டில் இருக்கிறது. இந்தப் பொங்கலுக்கு அந்தக் கோட்டில் யாரும் சுண்ணாம்பு அப்பக் கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டிருப்பதும் அவர்தான்.